சுவருக்குள் ஒரு தகரப் பெட்டி: புதுப்பித்த பழைய வீட்டை வைத்து மர்மக்கதை எழுத வழிகாட்டி

கொத்தனார் சுவரைத் தட்டிக்கொண்டே வருகிறார். டக், டக் என்று கெட்டியாகக் கேட்ட சத்தம் ஓர் இடத்தில் மட்டும் பொத்தென்று மாறுகிறது. அவர் கை நின்றுவிடுகிறது. பின்னால் நிற்கும் ஆச்சியைத் திரும்பிப் பார்க்காமலே, "இந்தச் செவத்த நாளைக்குப் பாத்துக்கலாம் ஆச்சி" என்கிறார்.

உங்கள் கதை இந்த இடத்தில் தொடங்கலாம்.

பழைய வீடொன்றைப் பழுதுபார்த்து விடுதியாக்குகிறார்கள், திறப்பு விழா நெருங்கும்போது ஏதோ ஒன்று காணாமல் போகிறது, ஊரில் எல்லோர் மேலும் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது. ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்று சொல்லும் வகை இது. ரத்தமும் கொடூரமும் பக்கத்தில் தெறிக்காது. துப்பறிவது போலீஸ்காரர் இல்லை, ஊர்க்காரர் ஒருவர். குற்றம் செய்தவரும் நாம் தினம் டீக்கடையில் பார்க்கிற ஆளாகத்தான் இருப்பார். வாசகர் இரவு படுக்கும் முன் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும். அதே சமயம் புத்தகத்தைக் கீழே வைக்கவும் மனசு வரக்கூடாது.

இந்த வகையில் நான் முதலில் எழுதிய கதை பாதியில் நின்றுபோனது. அருமையான வீடு, அழகான தூண்கள், மர்மமான ஒரு சாவு, எல்லாம் இருந்தன. படித்த நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதே கதை ஒரு அபார்ட்மென்ட்டில் நடந்தால் எந்த வரி மாறும்?" ஒரு வரியும் மாறாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து இதை எழுதத் தொடங்குகிற எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். மர்மம் வீட்டின் பழுதுபார்க்கும் வேலையிலிருந்தே பிறக்க வேண்டும். பழைய வீட்டைத் திருத்துவது என்றால், யாரோ எப்போதோ மூடி வைத்ததை இன்னொருவர் திறப்பது. மூடியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணம்தான் உங்கள் கதை.

எடுத்துக்காட்டாகச் செட்டிநாட்டு வீடொன்றை எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பழக்கமான நிலம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, விடுதிகளாக மாறிய பழைய வீடுகளை நீங்களே போய்ப் பார்க்கலாம். காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்த சாரதா விலாஸ் என்று பல இருக்கின்றன. உங்கள் வீடு தரங்கம்பாடியிலோ புதுச்சேரியிலோ ஊட்டியிலோ இருந்தாலும் வழிமுறை இதேதான்.

முதல் படி: வீடு ஏன் பூட்டிக் கிடந்தது?

பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து ஆண்டுகளை எழுதுங்கள். வீட்டை யார் எப்போது கட்டினார்கள், எப்போது ஆள் குறைந்தது, எப்போது பூட்டினார்கள், இப்போது ஏன் திறக்கிறார்கள். இந்த நான்கு கேள்விக்கும் பதில் இருந்தால் பாதிக் கதை கைக்கு வந்துவிடும்.

செட்டிநாட்டில் இதற்கான பதில் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று போய் வட்டித்தொழில் செய்து ஈட்டியதில் எழுந்த வீடுகள் இவை. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலேறி வந்த சாமான்கள் எத்தனையோ. 1941 டிசம்பரில் ஜப்பான் பர்மாமேல் படையெடுத்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் காடும் மலையும் நடந்து ஊர் திரும்பினார்கள். சுதந்திரம் பெற்ற பர்மா 1948இல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. 1962இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மிச்சமிருந்தவர்களும் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். வருமானம் நின்றது, வீடு மட்டும் தெருவுக்குத் தெரு நீண்டு நின்றது. ஒட்டடை அடிக்கக்கூட ஆள் போதவில்லை.

அப்புறம் பங்காளிகள். ஒரே வீட்டுக்கு நாலைந்து தலைமுறையில் இருபது, முப்பது பேர் பங்குதாரர் ஆகிவிடுவார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் யாரோடும் பேசுவதில்லை. எல்லோரும் கையெழுத்துப் போடாமல் விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. கையெழுத்து சேர்ந்த வீடுகள் பல தேக்குக்காகவும் தூணுக்காகவும் பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். கதவு, நிலை, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து கழன்று வந்ததுதான். மர்மக்கதைக்கு வேண்டிய ஆசை, பயம், வருத்தம் மூன்றும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கின்றன. வெளியிலிருந்து கொலைகாரனைக் கூட்டிவர வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாம் படி: வீட்டை வரைந்துகொள்ளுங்கள்

அழகாக வரைய வேண்டாம். கட்டம் கட்டமாகப் போட்டால் போதும். தெருத் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி, பின்வாசல். வளவு என்பது நடுவில் வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றி வரிசையாக அறைகளும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே ஓர் உள்வீடு இருக்கும்.

இந்த வீடுகளில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. தலைவாசலில் நின்றால் ஒவ்வொரு வாசலாக ஒரே நேர்கோட்டில் பின்வாசல் வரைக்கும் பார்வை போகும். கதாசிரியருக்கு இது பெரிய வரம். திண்ணையில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர், "யாரும் குறுக்கே போகல, போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நடுக்கதவுக்கு வார்னிஷ் அடித்து, காயட்டும் என்று சாத்தி வைத்திருந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது திறந்த வழியை இல்லை, புது வார்னிஷில் மின்னிய கதவை. இந்தச் சின்னச் சங்கதி பழுதுவேலை நடக்கும் வீட்டில் மட்டும்தான் நடக்கும் என்பதைக் கவனியுங்கள்.

படத்தில் யார் எங்கே போகலாம் என்பதையும் குறியுங்கள். அந்தக் காலத்தில் முகப்பு ஆண்களுக்கு, பின்கட்டுகள் பெண்களுக்கு. இப்போது முகப்பு விருந்தினருக்கு, பின்கட்டு வேலையாட்களுக்கு. இரண்டு ஒழுங்கும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். எண்பது வயது ஆச்சி ஒருவர் இன்றைக்கும் முகப்பில் உட்காராமல் கூச்சத்தோடு நின்றே பேசுவார். அதை ஒரு வரியில் காட்டினால் போதும், அவர் முகப்பில் தனியாக உட்கார்ந்திருப்பதை வாசகர் பார்க்கும் நாளில் ஏதோ மாறிவிட்டது என்று சொல்லாமலே புரிந்துவிடும்.

மூன்றாம் படி: மூடியதையும் திறந்ததையும் முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். கதையின் முதுகெலும்பு இதுதான்.

முதலில் பொருட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் மைபோல அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. கன்னத்தை வைத்துப் பார்த்தால் மே மாதத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் அப்படி விடாது. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் வைத்து ஒட்டுப்போட்டால், உள்ளே மாட்டிய ஈரம் ஒட்டின் விளிம்பு வழியாக வெளியேறி அங்கே உப்பாகப் பூக்கும். சில மழைக்காலம் கழிந்ததும் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு சட்டம் போட்டதுபோலத் தெரியும்.

தரையும் பேசும். ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் டைல்ஸ், கையால் செய்வது. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, சாந்து போட்டு அழுத்தி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைப்பார்கள். கண்ணாடியிலிருந்து கழன்று வரும் முகம் பளபளவென்று இருக்கும், முதுகு சொரசொரப்பாக இருக்கும். வெளிநாட்டுக் கற்களின் முதுகில் பெரும்பாலும் கம்பெனி முத்திரை புடைப்பாக இருக்கும். "தாத்தா கப்பலில் வரவழைத்த தரை, யாரும் கை வைத்ததில்லை" என்று குடும்பம் பெருமைப்படும் அறையில் ஒரு கல் மட்டும் முத்திரையில்லாமல், சொரசொர முதுகோடு வந்தால், யாரோ தரையைப் பெயர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது இவற்றை வைத்து ஒரு கதை கட்டிக் காட்டுகிறேன். இது முழுக்கக் கற்பனை.

விடுதி வேலை நடக்கும்போது வளவின் ஓர் உள்வீட்டுச் சுவரில் மூடிய மாடம் ஒன்று அகப்படுகிறது. உள்ளே ஒரு தகரப் பெட்டி. அதில் வீட்டின் மூலப் பத்திரம், ஒரு பர்மா நோட்டு, பென்சிலால் எழுதிய ஒரு கடிதம். கடிதத்தின் மேல் 'சித்திரபானு வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருக்கிறது. ஆங்கிலத் தேதி கிடையாது. குடும்பத்துக்கு உடனே கண் கலங்குகிறது. சித்திரபானு 1942-43. கொள்ளுத்தாத்தா ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த வருஷம். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து அவர்தான் ஒளித்து வைத்தார் என்று முடிவாகிறது. விடுதிக்காரர் அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்து விருந்தினருக்குக் காட்டத் திட்டமிடுகிறார். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு பெட்டி காணாமல் போகிறது.

எல்லோரும் பத்திரத்துக்காகத் திருட்டு நடந்தது என்று நினைக்கிறார்கள். உண்மை வேறு. அந்த நோட்டில் ஆங்கிலத்தில் 'கியாட்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. பர்மாவில் ரூபாய் போய்க் கியாட் வந்தது 1952இல். 1943இல் மூடிய சுவருக்குள் அந்த நோட்டு இருக்கவே முடியாது. சரி, 1952க்குப் பிறகு மூடியது என்றால் கடிதத்தில் சித்திரபானு எப்படி வந்தது? தமிழ் வருஷங்கள் அறுபது. சுற்று முடிந்தால் அதே பெயர் திரும்ப வரும். அடுத்த சித்திரபானு 2002-03. அந்தக் கடிதம் 2003 ஜனவரி-பிப்ரவரியில் எழுதியது. எழுதியவர் உயிரோடு இருக்கலாம். சுவரைப் பூசிய கை இன்றைக்கும் அதே வீட்டில் வேலை செய்யலாம்.

இப்போது முதல் காட்சிக்குத் திரும்புங்கள். "நாளைக்குப் பாத்துக்கலாம் ஆச்சி." இருபது வருஷத்துக்கு முன் அந்த மாடத்தை அடைத்தவர் அந்தக் கொத்தனார்தான். அடைக்கச் சொன்னவர் ஆச்சி. மகன்கள் வீட்டைத் தேக்குக்குப் பிரித்து விற்க ஆள் பேசி முடித்த நேரத்தில், மூலப் பத்திரம் இல்லாவிட்டால் வாங்குகிறவர் தயங்குவார் என்று நினைத்து, ராத்திரியோடு ராத்திரியாகச் சுவருக்குள் வைத்துவிட்டார். கூடவே தன் கணவர் 1964இல் கொண்டுவந்த செல்லாத நோட்டையும் ஏன் வைத்தோம் என்பதை எழுதிய கடிதத்தையும் வைத்தார். வீடு பிழைத்தது. அவர் இருபது வருஷம் மகன்களிடம் பொய் சொன்னார்.

பெட்டியை எடுத்தது யார் என்பதை நான் முடிக்காமல் விடுகிறேன். ஆச்சியாக இருக்கலாம், கொத்தனாராக இருக்கலாம், கடிதத்தைப் படித்துவிட்டுத் தன் அம்மாவைக் காப்பாற்ற நினைத்த மகனாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அது உங்கள் கதையாகிவிடும்.

நான்காம் படி: குற்றத்தைச் சட்டத்தோடு உரசிப் பாருங்கள்

சொத்து வந்துவிட்டால் சட்டம் வந்துவிடும். இங்கே தப்புச் செய்தால் விவரம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அதனால் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1989இல் வந்த சட்டத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பரில் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாண வித்தியாசம் பார்க்காமல் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதில் கை வைக்க முடியாது.

இந்த ஆண்டுகளை உங்கள் கதைமேல் வைத்துப் பாருங்கள். 1985இல் கல்யாணமான மகள் ஒருத்தி. அண்ணன்கள் வீட்டை விற்கப் பார்த்த 2003இல் அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. இன்றைக்கு விடுதிக்காரருக்கு அவள் கையெழுத்தும் வேண்டும். அவள் ஊருக்கு வந்து, தான் பிறந்த வீட்டின் முகப்பில் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருக்கிறாள். சந்தேகம் அவள்மேல் விழுவதற்கு இதைவிட இயல்பான காரணம் வேண்டுமா? நுணுக்கங்களை எழுதுவதற்கு முன் ஒரு வக்கீலிடமோ, விவரமான பத்திர எழுத்தரிடமோ உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிடுங்கள். கதைக்கு என்று சொன்னால் ஆர்வமாகச் சொல்வார்கள், கூடவே இரண்டு கதைகளும் கொடுப்பார்கள்.

ஐந்தாம் படி: துப்பறிபவருக்கு ஒரே ஒரு திறமை கொடுங்கள்

புதியவர்கள் துப்பறிபவரை அதிபுத்திசாலி ஆக்கிவிடுகிறார்கள். தேவையில்லை. ஊரில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு திறமை அவருக்கு இருந்தால் போதும், அந்தத் திறமை வீட்டோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். பழைய பேரேடுகளைப் படிக்கத் தெரிந்தவர் என்று வையுங்கள். தாத்தா பெட்டியடியில் கணக்கெழுதியவர். பேத்திக்கு மாகாணி, அரைக்கால், முந்திரி என்ற பின்னக் குறிகள் தெரியும், தமிழ் எண்கள் தெரியும், வருஷப் பெயர்கள் அறுபதும் வரிசையாகத் தெரியும். இப்போது விடுதியில் வரவேற்பு மேஜையில் வேலை. சாவிகள் அவள் கையில்தான். யார் எப்போது எந்த அறையில் இருந்தார்கள் என்பதும் அவள் எழுதும் பதிவேட்டில்தான் இருக்கிறது. அவள் சித்திரபானு என்ற சொல்லைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்குவதை இருபதாம் பக்கத்தில் காட்டுங்கள், அதற்கு விளக்கம் சொல்லாமல்.

அவளுக்கு இதில் ஏன் அக்கறை என்பதும் வேண்டும். சும்மா ஆர்வம் என்றால் நிற்காது. கொத்தனார் அவளுக்குச் சித்தப்பா முறை, பழி அவர்மேல் விழுந்துவிட்டது என்றால் நிற்கும்.

மற்றவர்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். கொத்தனார், விற்க நினைத்த மூத்த மகன், கேட்கப்படாத மகள், முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்கும் கடைக்காரர், எல்லா இடத்தையும் போட்டோ எடுக்கும் விருந்தினர். ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பொய் சொல்ல வேண்டும், அதில் நான்கு பொய்கள் குற்றத்துக்குச் சம்பந்தமில்லாத, வெட்கத்தால் வந்த பொய்களாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: தடயத்தை மறைக்காமல் மறையுங்கள்

துப்பறியும் கதையில் ஆசிரியர் வாசகரை ஏமாற்றக் கூடாது என்பது பழைய தர்மம். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929இல் இதற்காகப் பத்து விதிகள் எழுதினார். துப்பறிபவர் கண்ணில் பட்ட தடயம் வாசகர் கண்ணிலும் பட்டாக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 1930இல் லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப் என்ற எழுத்தாளர் சங்கத்தில் சேருகிறவர்கள் வாசகருக்கு நியாயமாக நடப்போம் என்று உறுதிமொழியே எடுத்தார்கள். நீங்களும் இதை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று இரட்டைப் பிறவித் தம்பி வந்தால் வாசகர் உங்களை மன்னிக்க மாட்டார்.

காட்டவும் வேண்டும், கவனிக்கவும் விடக்கூடாது என்றால் எப்படி? தடயத்தை வேலைக்குள் புதையுங்கள். நம் கதையில் முக்கியமான தடயம் சுவரில் பூத்த உப்பு. அதை இப்படி எழுதினால் கெட்டுவிடும்:

'அந்தச் சுவரில் ஓர் இடத்தில் மட்டும் சதுரமாக உப்பு பூத்திருப்பதை அவள் விசித்திரமாகப் பார்த்தாள்.'

விசித்திரமாக என்ற சொல் வந்ததும் வாசகர் பென்சிலை எடுத்துவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

'மழைக்கு முன்னால் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று மேனேஜர் பறந்தார். முகப்பில் வௌவால் எச்சம், வளவில் பாசி, மூன்றாவது உள்வீட்டில் உப்பு பூத்து ஜன்னல் அளவுக்குச் சட்டம் கட்டியிருந்தது, அடுப்படியில் எழுபது வருஷத்துக் கரி. "எது முதல்ல?" என்றார். "கரிதான்" என்றாள் ஆச்சி. "சாமி படத்துக்கு மேலேயே ஏறிருச்சு." எல்லோரும் அடுப்படியைப் பார்க்கப் போனார்கள்.'

தடயம் நான்கில் மூன்றாவதாக வருகிறது. பின்னால் வரும் கரி அதைவிடக் கண்ணைக் கவர்கிறது. ஆச்சி பேச்சைத் திருப்புகிறார் என்பது இரண்டாம் முறை படிக்கும்போதுதான் தெரியும். ஒரு முக்கியத் தடயத்தை இப்படி மூன்று இடத்தில், மூன்று விதமாகக் காட்டுங்கள். இரண்டாவது இடத்தில் கொத்தனார் பேச்சுவாக்கில், "சுண்ணாம்புச் செவத்துல சிமிண்டு வச்சா உப்புத் தள்ளும்" என்று பையனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மூன்றாவது இடத்தில் விருந்தினர் எடுத்த போட்டோவில் அந்தச் சட்டம் பின்னணியில் தெரியலாம். மூன்றையும் சேர்த்தால் அந்த ஒட்டு சிமென்ட், வீட்டின் பழைய சுண்ணாம்பு வேலை இல்லை, 1943க்கு வெகு பிறகு வைத்ததாக இருக்கலாம் என்று வாசகரே கண்டுபிடிக்க வழியிருக்கும். கண்டுபிடித்தவருக்கும் சந்தோஷம், கோட்டை விட்டவருக்கும் சந்தோஷம்.

சாப்பாடு தடயத்தை ஒளிக்க மிக நல்ல இடம். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்தால் வாசகர் மனசு தட்டுக்குப் போய்விடும். பர்மாவிலிருந்து வந்து இங்கே விருந்துப் பண்டமான கவுனி அரிசியைக் கிளறிக்கொண்டே ஆச்சி, "அவுக கொண்டாந்ததுல இதுதான் செல்லுபடியாச்சு" என்று சொல்லட்டும். செல்லாதது எது என்று யாரும் அந்த நேரத்தில் கேட்க மாட்டார்கள்.

ஏழாம் படி: எல்லோரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவாருங்கள்

உண்மை வெளிவரும் காட்சிக்குக் குடும்பம் முழுக்க ஒரே இடத்தில் சேர வேண்டும். கரண்ட் போவது, புயல் அடிப்பது என்று தேட வேண்டாம். ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள். நகரத்தாரின் பிள்ளையார் நோன்பு இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள், நாளுக்கு ஒரு நூலாக எடுத்து வைப்பார்கள். நோன்பு நாளில் அந்த இருபத்தொரு இழையையும் திரியாக்கி, இழை மாவில் வைத்து ஏற்றி, பெரியவர் கையிலிருந்து ஒவ்வொருவராக வாங்கி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். சுடரோடு இருக்கும் அந்த மாவுக்கும் இழை என்றே பெயர். எத்தனை பேரோ அத்தனை இழை.

இந்தக் கடைசி விவரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கணக்கெழுதியவரின் பேத்தி தட்டில் எண்ணிப் பார்க்கிறாள். வந்திருப்பவர்களைவிட ஓர் இழை கூடுதலாக இருக்கிறது. ஆச்சி எண்ணிக்கையில் தவறுகிறவர் இல்லை. வராதவர் ஒருவர் வருவார் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. பெட்டியை எடுத்தது மகன் என்று நீங்கள் தேர்ந்திருந்தால், அந்த வராதவர் அவர்தான்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காட்சியை நீட்டாதீர்கள். இரண்டு பக்கம் போதும். இந்த வகைக் கதையில் ஊர் மறுநாளும் ஒன்றாக வாழ வேண்டும், அதனால் தண்டனை பெரும்பாலும் உறவுக்குள்ளேயே முடியும். ஒருவர் வெளியூர் போவார், ஒருவர் பங்கை விட்டுக்கொடுப்பார், ஒருவரோடு இன்னொருவர் ரொம்ப நாளைக்குப் பேச மாட்டார். யாராவது உடம்பாலோ உயிராலோ பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் போலீஸை உள்ளே விடுங்கள், அதை மழுப்பக் கூடாது.

எட்டாம் படி: போய்ப் பாருங்கள், அப்புறம் பின்னாலிருந்து எழுதுங்கள்

சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் ரயிலில் ஏறினால் காரைக்குடியில் இறங்கலாம். வழியில் செட்டிநாடு என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, கானாடுகாத்தான் அங்கிருந்து பக்கம். இரண்டு நாள் போதும். வீடுகள் பெரும்பாலும் தனியாருடையவை, கேட்காமல் உள்ளே போகாதீர்கள், கேட்டால் பலர் அன்பாகக் காட்டுவார்கள். ஆத்தங்குடியில் கல் போடும் பட்டறையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கண்ணாடியிலிருந்து கல் கழலும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள். பழுதுவேலை நடக்கும் வீடு ஏதாவது இருந்தால் கொத்தனாரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த இடம் கஷ்டம், எதைத் திறந்தபோது என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அவர்கள் பேசும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நம் அகராதியில் இல்லாத பாதிச் சொற்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

திரும்பி வந்ததும் கடைசிக் காட்சியை முதலில் எழுதுங்கள். யார், எப்போது, ஏன், எப்படி என்று ஒரே பக்கத்தில் சாட்சி சொல்வதுபோல எழுதி வையுங்கள். பிறகு முதல் படியில் போட்ட ஆண்டுத் தாளை அதன் பக்கத்தில் வைத்து ஒவ்வொருவருக்கும் வயதைக் கணக்குப் போடுங்கள். 2003இல் கொத்தனாருக்கு நாற்பது என்றால் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார், உயரமான சாரத்தில் ஏற மாட்டார். அப்படியானால் சுவரைத் தட்டும் முதல் காட்சியில் சுவரின் எந்த உயரத்தில் மாடம் இருக்க வேண்டும்? நெஞ்சளவில். இப்படி ஒரு கணக்கு இன்னொன்றைத் திருத்தும்.

முதல் முயற்சியாக நாவல் வேண்டாம். ஐயாயிரம் வார்த்தையில் ஒரு நெடுங்கதை எழுதுங்கள். ஒரு சுவர், ஒரு பெட்டி, மூன்று பேர். எழுதி முடித்ததும் கடைசி நான்கு பக்கங்களை மட்டும் உருவி எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை மூன்று பேரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது வீட்டு வேலை செய்கிறவராக, கொத்தனாரோ தச்சரோ மின்வேலைக்காரரோவாக இருந்தால் ரொம்ப நல்லது. யார் செய்தது, எந்த வரியில் சந்தேகம் வந்தது என்று கேளுங்கள். மூவரும் சரியாகச் சொல்லிவிட்டால் உப்பைப் பற்றிய ஒரு வரியை எடுத்துவிடுங்கள். ஒருவருமே சொல்லவில்லை என்றால் ஒரு வரியைச் சேருங்கள். ஒருவர் மட்டும், "அந்த மேஸ்திரி ஏன் நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொன்னாரு?" என்று கேட்டால், நான்கு பக்கங்களையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.